பௌத்தத்தைக் குறித்து நாம் கொண்ட பிழைக் கருத்துகள்

மணிமேகலையைப் பாடமாகக் கற்கத் தொடங்கிய நாளில் எம் ஆசிரியர் எமக்கு ஒரு சிறு பணி தந்தார். நூலைத் திறக்குமுன், பௌத்த சமயத்தைப் பற்றி யாம் அறிந்தனவற்றை ஒரு தாளில் எழுதித் தருமாறு பணித்தார். யாமும் தயக்கமின்றி எழுதினோம். சமணமும் பௌத்தமும் ஏறத்தாழ ஒன்றே. பௌத்தம் உலகைத் துன்பமென்று வெறுப்பது. நிருவாணம் என்பது அடியோடு அழிந்துபோதல். புத்தர் அச்சமயத்தார்க்குக் கடவுள். அச்சமயம் தமிழ்நாட்டிற்கு அயலானது என ஐந்து கருத்துகள் அத்தாளில் இடம்பெற்றன. நூலைக் கற்று முடித்தபின் ஆசிரியர் அத்தாளைத் திருப்பித் தந்தார். ஐந்தனுள் ஒன்றேனும் பிழையின்றி நின்றிலது. இப்பிழைகள் எமக்கே உரியன அல்ல. கற்றாரிடத்தும் கல்லாரிடத்தும் பரவி வழங்குவன. ஆதலின் அவற்றை ஈண்டு முறையே ஆராய்வோம்.

முதலாவது, சமணமும் பௌத்தமும் ஒன்றென்பது. இரண்டும் வேத வேள்வியை ஏலாதவை, துறவைப் போற்றுபவை, கொல்லாமையை வற்புறுத்துபவை. இவ்வொப்புமை பற்றியே மயக்கம் நேர்ந்தது. ஆயினும் அடிப்படையில் அவை வேறாம். உயிர் என்னும் நிலைபேறுடைய பொருள் உண்டென்றும், அது வினைத்தளை நீங்கி வீடடையும் என்றும் சமணர் கூறுவர். மாறாத ஆன்மா என ஒன்றில்லை என்பது பௌத்தர் கொள்கை. மணிமேகலையின் 27ஆம் காதையில் சமணனாகிய நிகண்டவாதி ஏனைச் சமயவாதியரோடு ஒருவனாக நின்று தன் கோட்பாட்டை உரைக்கின்றான். பௌத்த அறமோ பின்னர்க் காஞ்சி நகரில் அறவண அடிகள் வாயிலாக விளக்கப்படுகின்றது. நூலே இவ்வாறு வேறுபடுத்திக் காட்டவும், நாம் ஒன்றாக்கிக் கொண்டோம். டாக்டர் உ. வே. சாமிநாதையரும் இந்நூலின் ஏட்டை முதலில் ஆராய்ந்தபோது இஃது எச்சமயத்தது எனத் தெளியாது இடர்ப்பட்டார். ஆனால் அவர் ஊகித்து அமைந்தாரல்லர். கும்பகோணம் கல்லூரியில் உடன் பணிபுரிந்த மளூர் ரங்காசாரியர் துணையால் பௌத்த நூற்கருத்துகளை வருந்திக் கற்று, 1898இல் மணிமேகலையை அச்சிட்டார்.

இரண்டாவது, பௌத்தம் உலகைத் துன்பமென்று வெறுப்பது என்பது. நால்வகை வாய்மையுள் முதலாவது துன்பம் என்பது மெய்யே. ஆனால் அதனோடு நின்றுவிடின், மருத்துவர் நோயின் பெயரைக் கூறிய அளவிலே எழுந்து வந்துவிட்டவர் போல் ஆவோம். துன்பத்திற்குக் காரணம் உண்டு. அது நீங்குதல் கூடும். நீக்கும் வழி உண்டு என்பன ஏனை மூன்று வாய்மைகள். நோய், நோய்முதல், நோய் நீக்கம், மருந்து என்னும் முறையே இஃதாம். இக்கொள்கை மக்களைச் செயலற்றவராக்கும் என்பாரும் உளர். அவர்க்கு மணிமேகலையின் வாழ்வே விடையாகும். அவள் அமுதசுரபியை ஏந்திப் பசித்தோர்க்கு உணவிட்டாள். சோழ மன்னனை வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். உலகை வெறுத்தவள் ஊரம்பலத்தில் சோறு பகிர்ந்து நிற்பாளோ?

மூன்றாவது, நிருவாணம் என்பது அழிவு என்பது. அச்சொல் அவிதல் என்னும் பொருளது. அவிவது யாது என்பதே வினா. அவா, வெகுளி, மயக்கம் என்னும் தீ அவிதலையே பௌத்த நூல்கள் கூறுகின்றன. உயிர் என்றும் மாறாது நிற்கும் என்னும் கொள்கை ஒரு முனை. இறப்போடு யாவும் அற்றொழியும் என்னும் கொள்கை மறுமுனை. இவ்விரண்டனையும் புத்தர் விலக்கினார். அவ்வாறாயின் மறுபிறப்பு எவ்வாறு நிகழும் எனின், ஒரு விளக்கினின்று மற்றொரு விளக்கு ஏற்றப்படும் உவமையால் அதனை விளக்குவர். சுடர் தொடர்கின்றது, ஆயினும் ஒன்றினின்று மற்றொன்றிற்கு ஒரு பொருள் பெயர்ந்து சென்றிலது. இதனை நாம் ஏற்கலாம், ஏலாதும் இருக்கலாம்; ஆனால் அழிவு வாதம் என்று இகழ்தல் நேர்மையன்று.

நான்காவது, புத்தர் கடவுள் என்பது. அவர் சாக்கிய குலத்தில் தோன்றிய மனிதர். 80 ஆண்டு வாழ்ந்து குசிநகரில் மறைந்தவர். உலகைப் படைத்தவராக அவரைப் பழைய பௌத்த நூல்கள் கூறவில்லை. தொடக்க காலச் சிற்பங்களில் அவர்தம் உருவமும் இல்லை. அரச மரம், அறவாழி, அடிச்சுவடு என்பனவே அவரைக் குறித்து நின்றன. மணிபல்லவத்தில் மணிமேகலை தொழுததும் பாதபீடிகையையே அன்றோ? பிற்காலத்தில் உருவங்கள் பெருகின. அவற்றை அடையாளங் காண்பதிலும் நாம் இடறுகின்றோம். கடைகளில் விற்கும் தொந்தி வயிற்றுச் சிரிக்கும் உருவத்தைப் புத்தர் என்று பலர் வாங்குகின்றனர். அவ்வுருவம் புதாய் என்னும் சீனத் துறவியுடையது. மறுபுறம், சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என வழிபடப்பெற்ற சிலை புத்தர் திருவுருவமே என்று, தொல்லியல் ஆய்வறிக்கையை ஏற்று, சென்னை உயர்நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. புத்தரல்லாதாரைப் புத்தர் என்கின்றோம். புத்தரை வேறொருவர் என்கின்றோம்.

ஐந்தாவது, பௌத்தம் தமிழ்நாட்டிற்கு அயலானது என்பது. ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலை பௌத்த நூல். ஐந்திலக்கணமும் கூறும் வீரசோழியத்தை இயற்றிய புத்தமித்திரர் பௌத்தர். முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய மன்னன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் வழங்கப்பட்டமையை லெய்டன் செப்பேடுகள் உரைக்கின்றன. 1898இல் அயோத்திதாச பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவி, தமிழ்நாட்டில் அச்சமயத்திற்குப் புத்துயிர் ஊட்டினார். மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் ‘பௌத்தமும் தமிழும்’ எழுதினார். ‘கிறித்தவமும் தமிழும்’ என்னும் நூலைத் தந்தவரும் அவரே.

நாகப்பட்டினத்தைக் கூறியபின் ஒன்றை மறைத்தல் தகாது. அங்கே பௌத்தர் எடுப்பித்த பழங்கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டிலும் சிதைந்த நிலையில் நின்றது. 1867இல், அரசாங்கத்தின் இசைவு பெற்று, அதனை இடித்தவர் கிறித்தவக் குருமார். அந்நகரில் 1856 முதல் மண்ணினின்று வெளிப்பட்ட 300க்கு மேற்பட்ட செப்புப் படிமங்கள் அங்கு வாழ்ந்த சமயத்திற்குச் சான்றாயின. கோபுரமோ மீண்டிலது. இதனைப் படித்த நாளில் எம் தாளில் யாம் எழுதிய ஐந்து கருத்துகளும் எம் நினைவிற்கு வந்தன. கல்லை இடித்தவர் கையாலிடித்தனர். யாம் சொல்லால் இடித்தோம் என்று உணர்ந்தோம்.

இங்ஙனம் கூறுவதால் எல்லாச் சமயமும் ஒன்றென்று யாம் சொல்லவில்லை. உலகைப் படைத்துக் காக்கும் கடவுள் உண்டென்றும், மனிதன் அவர்தம் அன்பிற்கு உரியவன் என்றும் கிறித்தவராகிய யாம் நம்புகின்றோம். இதன்கண் பௌத்தரோடு எமக்குள்ள வேற்றுமை பெரிது. ஆனால் அயலானுக்கு எதிராகப் பொய்ச்சான்று கூறலாகாது என்னும் கட்டளை எம் வேதத்தினது. ஒருவர் கொள்ளாத கொள்கையை அவர்மேல் ஏற்றி, அதனை மறுத்து மகிழ்வதும் பொய்ச்சான்றே. மெய்யான வேற்றுமையை அறிந்தவனே மெய்யாக மாறுபடவும் வல்லவன்.

வஞ்சி மாநகரில் மணிமேகலை தன் முடிவைக் கூறுமுன் அளவைவாதி முதல் பூதவாதி ஈறாக ஒவ்வொருவரையும் நேரில் அணுகி, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்டாள். உடன்படாதவிடத்தும் கேளாதிருந்திலள். மாணவ அன்பர்காள், பிறர் சமயத்தைக் குறித்துப் பேச நா எழும்போதெல்லாம், அதனை அவர்பால் கேட்டறிந்தோமா என்று நம்மை நாமே வினவுவோமாக. எம் பழைய தாளை யாம் கிழித்தெறியவில்லை. மணிமேகலைப் புத்தகத்தினுள்ளேயே வைத்திருக்கின்றோம்.