பாட்டு கேட்க எவ்வளவு செலவழிக்கலாம்?

சென்னையில் மாதம் 80,000 ரூபாய் கையில் வாங்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மந்தைவெளியில் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறார். இன்னொருவர் தி. நகரில் 28,000 ரூபாய் வாடகை கொடுத்து, இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணமும் கட்டுகிறார். வருட வருமானத்தில் 5 சதவீதத்தை ஆடியோவுக்கு ஒதுக்கலாம் என்று விதி வகுத்தால் இருவருக்கும் 48,000 ரூபாய் என்ற ஒரே விடைதான் வரும். முதலாமவர் அதை இரண்டு மாதத்தில் சேர்த்துவிடுவார். இரண்டாமவருக்கு அது ஒரு வருடச் சேமிப்பு. வருமானத்தின் சதவீதத்தை வைத்துக் கணக்குப் போடுவதை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

மிச்சத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், காப்பீடு, ஆத்திர அவசரத்துக்கு எடுத்து வைப்பது எல்லாம் போக மாதாமாதம் கையில் நிற்கும் தொகை எதுவோ, அதில் மூன்று மாதத்துத் தொகை முதல் செட்டுக்கு உச்சவரம்பு. தினமும் உட்கார்ந்து கேட்பவர் ஆறு மாதம் வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

கடன் வாங்கியும் வேண்டாம். 'வட்டியில்லா இ.எம்.ஐ.' என்று கடை வாசலில் பலகை தொங்கும். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. முழுப் பணத்தையும் இப்போதே கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் குறைக்கும் தொகைதான் நீங்கள் கட்டவிருந்த வட்டி.

இன்னொரு கணக்கும் உண்டு. எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை அதிகம். 45,000 ரூபாய் செட் ஒன்றை வருடத்தில் 300 நாள், நாளைக்கு ஒரு மணி நேரம் கேட்டால், பத்து வருடத்தில் 3,000 மணி நேரம். மணிக்கு 15 ரூபாய் விழுகிறது. அதே வீட்டில் 1,20,000 ரூபாய்க்கு ஹோம் தியேட்டர் வைத்து மாதம் இரண்டு படம் பார்த்தால், வருடத்துக்கு 60 மணி நேரம். அதே பத்து வருடக் கணக்கில் மணிக்கு 200 ரூபாய், படத்துக்கு 500. நாலு பேர் சேர்ந்து பார்க்கும் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகும். தனியாளுக்குக் கட்டாது. எனவே ஹோம் தியேட்டரா, இரண்டே ஸ்பீக்கர் கொண்ட ஸ்டீரியோவா என்ற கேள்விக்கு விடை உங்கள் வாரத்தில் இருக்கிறது. போன வாரம் எத்தனை மணி நேரம் பாட்டு கேட்டீர்கள் என்று உண்மையாக எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, என்ன கேட்கிறீர்கள் என்பது. இதைக் கடையில் யாரும் கேட்பதில்லை, ஆனால் பணத்தை நிர்ணயிப்பதே இதுதான். கர்நாடக சங்கீத வித்வான்கள் ஆரியக்குடியும் ஜி.என்.பி.யும் 78 சுழற்சி இசைத்தட்டுகளுக்காகப் பாடியவை பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். கீச்சொலிகளின் நுணுக்கமெல்லாம் அந்தப் பதிவிலேயே பிடிபடவில்லை. பதிவில் இல்லாததை லட்ச ரூபாய் ஸ்பீக்கரும் கொண்டுவராது. 1970களின் பிற்பகுதி வரை வந்த சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோ. எம்.எஸ். விஸ்வநாதனே உங்கள் உலகம் என்றால், நல்ல ஸ்பீக்கர் ஒன்று போதும். 1978-இல் 'ப்ரியா'வுக்காக இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்தார். அதற்குப் பின் வந்தவற்றைக் கேட்க இடமும் வலமுமாக இரண்டு வேண்டும். 1992-இல் 'ரோஜா'வோடு வந்த ரஹ்மானைக் கேட்க, அடிநாதம் கெட்டியாக இறங்கும் ஸ்பீக்கரும் வேண்டும்.

எவ்வளவு இறங்க வேண்டும்? ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். மந்தர பஞ்சமம் 98. மிருதங்கத் தொப்பியில் விழும் கும்கி இன்னும் கொஞ்சம் கீழே போகும். 60 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ஐந்தங்குல ஸ்பீக்கர் கச்சேரிக்குத் தாராளமாகப் போதும். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். அதற்குத்தான் பெரிய பெட்டி, அல்லது சப்-ஊஃபர். கர்நாடக சங்கீதம் மட்டுமே கேட்பவர் சப்-ஊஃபருக்குச் செலவழிப்பது வீண் என்பது என் தீர்மானமான கருத்து.

மயிலாப்பூர், அடையாறு ஃபிளாட்டுகளில் வேறொரு சங்கதி இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை. கை தட்டிப் பாருங்கள். ஓசை சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். இந்த அறையில் ஒன்றரை லட்ச ரூபாய் செட்டும் இரைச்சலாகத்தான் கேட்கும். தரையில் கனத்த பவானி ஜமக்காளம், ஜன்னலுக்குத் தடித்த திரை, பக்கச் சுவரில் புத்தக அலமாரி: இவை சில ஆயிரங்களில் செய்யும் வேலையை அதே காசுக்கு விலையுயர்ந்த வயர் செய்யாது. வயருக்கு எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் ஒன்றரை எம்.எம். செம்புக் கம்பியே போதும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி, உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் வையுங்கள். இதற்குக் காசே வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் பாட்டு ஓடினால் போதும் என்பவருக்கு 3,000 முதல் 8,000 ரூபாய்க்குள் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர். பேட்டரி சில வருடத்தில் தேய்ந்துவிடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். சவுண்ட்பார் டிவி வசனத்துக்கு நல்லது, பாட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இரண்டு பக்கமும் ஒரே குச்சிக்குள் ஒடுங்கிவிடுகின்றன. 10,000 முதல் 20,000 ரூபாய்க்குள் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த ஜோடி ஸ்பீக்கர் கிடைக்கிறது. தி. நகர் வாடகைக்காரருக்கு என் பதில் இதுதான். வீடு மாறினாலும் இரண்டு அட்டைப்பெட்டியில் அடங்கிவிடும். மந்தைவெளிக்காரர் 45,000 முதல் 70,000 வரை போட்டு ஆம்ப்ளிஃபயரைத் தனியாகவும் ஸ்பீக்கரைத் தனியாகவும் வாங்கலாம். அதில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போகட்டும். ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது இந்த வழியின் பெரிய லாபம். மெல்லிய சுவருக்கு அப்பால் கைக்குழந்தை தூங்கும் வீடு என்றால், 5,000 ரூபாய் ஹெட்ஃபோன் இவை எல்லாவற்றையும்விடப் பொருத்தம்.

பழைய செட் வாங்குவதில் தவறே இல்லை, பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் சென்னை கடற்கரை ஊர். ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ஃபோமா ரப்பரா என்று பாருங்கள். ஃபோம் இந்த ஈரக்காற்றில் பொடிப்பொடியாக உதிரும். பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் இருந்த பெட்டியென்றால் பின்புற இணைப்புகளில் துரு ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயர் மலிவாகக் கிடைக்கும், ரிப்பேருக்கும் அங்கேயே ஆள் உண்டு. ஆனால் அந்தச் சந்தடியில் கேட்டுப் பார்த்து வாங்க முடியாது. ஷோரூமில் நிதானமாகக் கேட்கலாம். ஆனால் அவர்கள் அறை ஓசைக்கென்றே அமைத்தது, உங்கள் ஹால் அப்படி இல்லை. வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்த்துத் திருப்பித் தர அனுமதிக்கும் கடை ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள். வாங்கி வந்ததை வைக்கும் இடத்தையும் யோசியுங்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரத்தில் வீடுகளுக்குள் புகுந்தது. தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் ஆம்ப்ளிஃபயரை இடுப்பளவு உயரத்துக்கு மேல் வைப்பது நல்லது.

கேட்டுத் தேர்ந்தெடுக்க முதலில் காது தயாராக வேண்டும். இந்த விஷயத்தில் தென்சென்னைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். மார்கழியில் சபாக்களின் மதியக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது. முன்வரிசையில் உட்கார்ந்தால் மைக்கைத் தாண்டி வயலினின் நேரடி நாதமும் காதில் விழும். பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று கபாலி கோயில் மாடவீதியில் நாகஸ்வரமும் தவிலும் எந்தப் பெருக்கியும் இல்லாமல் எப்படி ஒலிக்கின்றன என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். டிசம்பர் தள்ளுபடிக்கு அவசரப்படாமல், சீசனைக் கேட்டு முடித்துவிட்டு ஜனவரியில் கடைக்குப் போங்கள். உங்களுக்கு மனப்பாடமான மூன்று பாட்டுகளைப் போனில் கொண்டுபோங்கள். இரண்டு செட்டையும் ஒரே சத்த அளவில் வைக்கச் சொல்லுங்கள்; சத்தம் கொஞ்சம் கூடினாலே எந்த செட்டும் நன்றாக இருப்பதுபோல் தோன்றும்.