மாவு பொங்கி வழியாமலிருக்க ஒரு பெட்டி

ஜொகூர் பாருவில் பகல் வெப்பம் 32 டிகிரியைத் தொடும். காலையில் அரைத்த தோசை மாவை வெளியே வைத்தால் மாலைக்குள் மூக்கைப் பிடிக்க வேண்டியதுதான். பழைய ஐஸ் பெட்டி இருந்தால் போதும். நடுவே ஒரு தடுப்பு. ஒருபக்கம் உறைந்த தண்ணீர் பாட்டில்கள், மறுபக்கம் மாவுப் பாத்திரம். தடுப்பின் ஒரு துளையில் 12 வோல்ட் கணினிக் காற்றாடி. காற்று திரும்ப இன்னொரு துளை. இரண்டாவதை மறந்தால் காற்றாடி வீணாகச் சுற்றும்.

காற்றாடியைத் தேவைக்கேற்ப இயக்கி நிறுத்த எஸ்டிசி-1000 தெர்மோஸ்டாட் வேண்டும்; அதில் 12 வோல்ட் வகையையே கேட்டு வாங்குங்கள். ஈரப் பெட்டிக்குள் வீட்டு மின்சாரம் வேண்டாம். அடாப்டரின் சிவப்புக் கம்பியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தெர்மோஸ்டாட்டின் மின் இணைப்புக்கும் மற்றதை 7ஆம் முனைக்கும் கொடுங்கள். 8ஆம் முனையிலிருந்து காற்றாடியின் சிவப்புக் கம்பி. கறுப்புக் கம்பிகள் எல்லாம் ஒன்றுசேர அடாப்டருக்கே திரும்பும். கருவிக்கும் காற்றாடிக்கும் சேர்த்து 1 ஆம்பியர் அடாப்டர் தாராளம். சிரிம் முத்திரை பார்த்து வாங்கவும்.

தெர்மோஸ்டாட்டின் உணரியைக் காற்றில் தொங்கவிடாமல், பாத்திரத்தின் வெளிப்புறத்தில் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஸ்பாஞ்சு வையுங்கள். தெர்மோஸ்டாட்டில் வைக்க வேண்டியவை: வெப்பநிலை 28 டிகிரி, வித்தியாசம் 0.5. தாமத நேரம் கம்ப்ரசருக்கானது. காற்றாடிக்கு 1 நிமிடமே போதும். பாட்டிலை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், உறைந்தால் வெடிக்கும்.