‘சதுர அடி என்ன ரேட்?’ – ரூஃபிங் கான்ட்ராக்டர்களுக்கு ஒரு வழிகாட்டி

மொட்டை மாடிக்கு ஷெட், கார் நிறுத்த ஷெட், சின்னதாய் ஒரு குடோன். தமிழ்நாட்டில் ரூஃபிங் வேலை எடுப்பவர்களுக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்வியில்தான் ஆரம்பிக்கும்: “சதுர அடி என்ன ரேட் போடுறீங்க?” நீங்கள் ஒரு ரேட் சொல்வீர்கள். “நேர்ல வந்து பார்த்து கொட்டேஷன் குடுங்க” என்பார். தாம்பரத்திலிருந்து ஆவடிக்கு வண்டியை விரட்டி, மாடி ஏறி, டேப் பிடித்து அளவெடுத்து, ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவீர்கள். இரண்டு நீல டிக் விழும். அதோடு சரி, ஆள் போனை எடுக்க மாட்டார்.

இந்தத் தொழில் என்றால் இப்படித்தான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். நாலு இடத்தில் விலை விசாரிப்பது வாடிக்கையாளரின் உரிமை. நீங்களும் பைப் வாங்கும்போது நாலு கடையில் கேட்டுத்தான் வாங்குகிறீர்கள். அதேபோல, யார் வீட்டு மாடி ஏறுவது என்று முடிவு செய்வது உங்கள் உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்துகிறவர், பக்கத்துத் தெரு போட்டியாளரைவிடக் குறைவாக அலைந்து அதிகமாகச் சம்பாதிப்பார்.

முதலில் உங்கள் ‘ஃப்ரீ எஸ்டிமேட்’ எவ்வளவு செலவு வைக்கிறது என்று கணக்குப் போடுங்கள். பெட்ரோல், உங்கள் அரை நாள், ராத்திரிக் கணக்கு எல்லாம் சேர்த்து ஒரு விசிட்டுக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து விசிட்டில் இரண்டு ஆர்டர் கிடைத்தால், ஒவ்வொரு ஆர்டரின் லாபத்திலிருந்தும் 5,000 ரூபாய் ஏற்கெனவே போய்விட்டது. விசிட்டை ஐந்தாகக் குறைத்து அதே இரண்டு ஆர்டரைப் பிடித்தால் மிச்சமாவது 5,000 ரூபாயும் இரண்டரை நாளும். அந்த நாட்களில் நடக்கும் சைட்டில் நின்று வெல்டிங்கைக் கவனிக்கலாம்.

1. போனிலேயே ஃபில்டர் செய்யுங்கள்

ரேட் சொல்வதற்கு முன் கேள்வி கேளுங்கள். எந்த ஏரியா, எத்தனையாவது மாடி? வெயிலுக்கா, ஒழுகலுக்கா, வாடகைக்கு விடவா? வேலையை எப்போது ஆரம்பிக்க எண்ணம்? இதுவரை யாராவது வந்து பார்த்தார்களா? வீட்டில் முடிவெடுப்பது யார்?

கடைசிக் கேள்வியை மரியாதையோடு, ஆனால் தவறாமல் கேளுங்கள். “பையன் துபாய்ல இருக்கான், அவன்கிட்ட கேட்டுத்தான் சொல்லணும்” என்று பெரியவர் சொன்னால், அவர் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. பணம் தருவது பையன். “சரிங்கய்யா, தம்பி வீடியோ கால்ல வர்ற நேரமா சொல்லுங்க, அப்பவே வந்துடறேன்” என்று சொல்லுங்கள். அப்பாவிடம் ஒரு முறை, மகனிடம் ஒரு முறை என்று அதே வேலையை இரண்டு தரம் விற்க வேண்டியிருக்காது.

அடுத்து, மாடியின் நான்கு மூலையிலிருந்தும் போட்டோ, லொகேஷன், தோராயமான நீள அகலம் மூன்றையும் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். பத்து நிமிடம் செலவழித்து இதை அனுப்பாதவர் பல ஆயிரம் ரூபாய் வேலையை உங்களிடம் தருவது சந்தேகம்தான். அனுப்பியவருக்கு, சமீபத்தில் நீங்கள் முடித்த இதே அளவு வேலைகளை வைத்து “இவ்வளவிலிருந்து இவ்வளவு வரைக்கும் ஆகும்” என்று ஒரு ரேஞ்ச் சொல்லுங்கள். அந்தத் தொகையைக் கேட்டதுமே அவர் பின்வாங்கினால் உங்களுக்கு அரை நாள் லாபம்.

இவ்வளவு கேட்டால் பார்ட்டி ஓடிவிடாதா என்று பயப்படுவீர்கள். சிலர் போவார்கள். நிற்பவர்கள் உங்களை வேலை தெரிந்தவராகப் பார்ப்பார்கள்.

2. மூன்றாவது கொட்டேஷனாக மாட்டிக்கொள்ளாதீர்கள்

பள்ளிக்கூடம், டிரஸ்ட், அபார்ட்மென்ட் அசோசியேஷன், கம்பெனி பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் போன்ற இடங்களில் ஃபைலில் மூன்று கொட்டேஷன் இருக்க வேண்டும் என்பது வழக்கம். சில சமயம் வேலை யாருக்கு என்று முன்பே முடிவாகியிருக்கும். ஃபைல் நிரம்பத்தான் உங்களைக் கூப்பிடுவார்கள். “சைட் பார்க்க வேண்டாங்க, லெட்டர்ஹெட்ல ஒண்ணு போட்டு அனுப்புங்க, இன்னிக்கே வேணும்” என்றால் புரிந்துகொள்ளுங்கள். நேராகவே கேளுங்கள்: “ஏற்கெனவே யாரையாவது பேசி வச்சிருக்கீங்களா சார்? இன்னும் ஓப்பனா இருந்தா வந்து பார்த்துட்டுத்தான் தருவேன்.”

தெரிந்தவர் என்ற தயவுக்காக உயர்ந்த ரேட் போட்ட பொய்க் கொட்டேஷன் கொடுப்பதை அடியோடு நிறுத்துங்கள். உங்கள் பெயரும் ஜிஎஸ்டி நம்பரும் உள்ள அந்தத் தாள் அவர்கள் ஃபைலில் பல வருடம் கிடக்கும். நாளைக்கு அதே நிறுவனம் நிஜமான வேலைக்கு ஆள் தேடும்போது, ‘இவர் ரேட் ஜாஸ்தி’ என்று உங்களை அந்தத் தாளே ஒதுக்கிவிடும். வங்கிக் கடனுக்காக எஸ்டிமேட் கேட்பவர்களுக்கு அதைக் கட்டண வேலையாகச் செய்து கொடுங்கள். அவர்களுக்கு அந்தத் தாளால் பயன் இருக்கிறது, கூலி கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

3. விசிட்டுக்குக் கட்டணம்

“விசிட்டுக்கு இவ்வளவு வாங்குவோம் சார், வேலை எங்களுக்கே குடுத்தா ஃபைனல் பில்லில் கழிச்சுடுவோம்.” இந்த ஒரு வாக்கியம் நேரம் போக்க வருகிறவர்களை வடிகட்டிவிடும். பழைய கஸ்டமர் அனுப்பியவருக்கு இலவசமாகப் போங்கள். அவர்களில் ஆர்டர் தருபவர்கள் அதிகம். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு மட்டும் வேறு ஆலோசனை: நீங்கள் போட்ட ஷெட்களை நேரில் கூட்டிப்போய்க் காட்டும் நிலை வரும்வரை கட்டணம் கேட்காதீர்கள். காட்ட ஒன்றும் இல்லாதவர் கட்டணம் கேட்டால் எடுபடாது.

4. அளக்கும் கோலை நீங்களே கொடுங்கள்

வெற்றி தோல்வி தீர்மானமாவது இங்கேதான், கொஞ்சம் நின்று படியுங்கள். வாடிக்கையாளர் சதுர அடி ரேட்டைப் பிடித்துத் தொங்குவதற்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல. இரண்டு ஷெட்களை ஒப்பிட அவருக்குத் தெரிந்த ஒரே அளவு அதுதான். அதைவிட நல்ல அளவை நீங்கள் கொடுத்தால் அதை வைத்துத்தான் அடுத்த கான்ட்ராக்டரையும் அளப்பார்.

பரப்பளவிலிருந்து தொடங்குங்கள். 20×30 அடி மாடி என்றால் தரைக் கணக்கு 600 சதுர அடி. நாலு பக்கமும் 2 அடி வெளியே இறக்கினால் ஷீட் 24×34, அதாவது 816 சதுர அடி. சரிவு வேறு கொஞ்சம் கூட்டும். ஒருவர் ஷீட் பரப்புக்கு 280 ரூபாய் என்கிறார், இன்னொருவர் அதே ஷெட்டுக்குத் தரைப் பரப்பில் 340 என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவருக்கு 2,28,480 ரூபாய், இரண்டாமவருக்கு 2,04,000. ‘கம்மி ரேட்’ ஆளிடம்தான் பணம் அதிகம் போகிறது. இதை ஒரு தாளில் எழுதி அவர் கண்ணெதிரே பெருக்கிக் காட்டுங்கள்.

பிறகு பைப். எல்லோரும் ‘ரெண்டுக்கு ரெண்டு பைப்’ என்றே சொல்வார்கள். அதில் 2 மில்லிமீட்டர் கனம் என்றால் 6 மீட்டர் நீளப் பைப் 18 கிலோ வரும், 1.6 மில்லிமீட்டர் என்றால் பதினாலரைக் கிலோ. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், அதுவும் பெயின்ட் அடித்தபின் யாருக்கும் தெரியாது. 40 பைப் போகும் வேலையில் 140 கிலோ இரும்பு காணாமல் போகிறது. அன்றைய கிலோ விலையால் அதைப் பெருக்கினால், போட்டியாளரின் தள்ளுபடி எங்கிருந்து வந்தது என்று விளங்கும்.

ஷீட்டிலும் இதே கதை. 0.47 என்று சொல்லும் கலர் ஷீட்டில் பெயின்ட், கோட்டிங் எல்லாம் கழித்தால் உள்ளே இரும்பு சுமார் 0.42தான். ஆகவே ‘0.45’ என்று ஒருவர் சொன்னால் அது மொத்தக் கனமா, வெறும் இரும்பின் கனமா என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள். கால்வால்யூம் ஷீட்டில் ஏஇசட் 150 என்றால் இரண்டு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 150 கிராம் அலுமினியம்–துத்தநாகக் கலவை. ஏஇசட் 70 என்றால் அதில் பாதிகூட இல்லை. கடற்கரை ஊர்களில் இந்த வித்தியாசம் துருவாக வெளியே வரும். முன்னணி கம்பெனி ஷீட்களின் அடிப்பக்கத்தில் பெயரும் விவரமும் அச்சாகியிருக்கும், அதைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பையில் ஒரு மைக்ரோமீட்டர் வைத்திருங்கள். ஷீட்டின் சின்ன துண்டு ஒன்றை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். எந்த விசிட்டிங் கார்டும் தராத நம்பிக்கையை அது தரும்.

காற்றைப் பற்றி நிச்சயம் பேசுங்கள், பயமுறுத்தாமல். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கோவைக்கும் மதுரைக்கும் 39 மீட்டர். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியில் ஏறுவதால் சென்னையில் சுமை கிட்டத்தட்ட 1.6 மடங்கு. கோவையில் நிற்கிற டிசைனை அப்படியே சென்னையில் போட முடியாது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைக் கடந்ததையும், 2018 நவம்பரில் கஜா புயல் காவிரி டெல்டாவைப் புரட்டிப்போட்டதையும் யாரும் மறக்கவில்லை. எனவே தூண் எங்கே நிற்கும் என்று காட்டுங்கள்: கட்டடத்தின் பில்லர் இருக்கும் இடத்தில், பேஸ் பிளேட் வைத்து ஆங்கர் போல்ட் போட்டு. செலவைக் குறைக்கக் கைப்பிடிச் சுவர் மேல் தூணை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சுவர் ஷெட்டைத் தாங்கக் கட்டியது அல்ல.

இவை எல்லாவற்றையும் ஒரு பக்கத் தாளாக அடித்து வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு எந்தக் கணக்கில், பைப் கனம், ஷீட் கனம், கோட்டிங், ஸ்க்ரூ வாஷர் என்ன ரப்பர், தூணின் பிடிமானம், ஒழுகினால் யார் பொறுப்பு என ஏழு கேள்விகள் போதும். கிளம்பும்போது “நாலு பேர்கிட்ட விசாரிங்க சார், ஆனா எல்லார்கிட்டயும் இந்த ஏழையும் கேளுங்க” என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்களுக்குப் பிறகு வருபவர் உங்கள் கேள்வித்தாளுக்குத்தான் பதில் எழுதியாக வேண்டும்.

5. கொட்டேஷனில் எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது

தரத்தை முழுசாக எழுதுங்கள்: பிராண்டு, கனம், கோட்டிங், பிரைமர், பெயின்ட். டிராயிங்கையும், எத்தனை பைப் எந்த அளவில் வெட்டுவது என்ற பட்டியலையும் அட்வான்ஸ் வந்தபின் கொடுங்கள். அவற்றை முதலிலேயே கொடுத்தால், உங்கள் டிசைனை வைத்து இன்னொருவர் சதுர அடிக்கு பத்து ரூபாய் குறைத்து வேலையைத் தட்டிக்கொண்டு போவார். இது அடிக்கடி நடக்கிறது.

பழைய ஷீட் கழற்றுவது, மூன்றாம் மாடிக்குச் சாமான் ஏற்றுவது, பூச்சு வேலை, கரன்ட் வேலை ஆகியவை ரேட்டில் சேருமா சேராதா என்று தெளிவாகப் போடுங்கள். ஏழு நாள்தான் செல்லும் என்று தேதி குறிப்பிடுங்கள். இரும்பு விலை யாருக்காகவும் காத்திருக்காது. ஆடியில் புது வேலை தொடங்கத் தயங்கும் வீடுகள் அந்த மாதம் முழுக்கக் கொட்டேஷன் சேர்க்கும், ஆவணி பிறந்ததும் அதே பழைய ரேட்டைக் கேட்கும். தேதி எழுதியிருந்தால் சங்கடமில்லாமல் புது ரேட் சொல்லலாம்.

முடிந்தால் மறுநாளே அனுப்புங்கள். அனுப்பிவிட்டு சும்மா இருக்காமல் போனில் ஒவ்வொரு வரியாக விளக்குங்கள்.

6. “அவர் 20 ரூபா கம்மியா சொல்றாரு”

உடனே ரேட்டைக் குறைத்தால், முதலில் சொன்னது ஏமாற்று ரேட் என்று ஆகிவிடும். “அவர் கொட்டேஷனைப் பக்கத்துல வச்சுப் பார்ப்போம் மேடம்” என்று கேளுங்கள். அதில் பைப் கனம் எழுதியிருக்காது. பல தடவை ஷீட் கனமும் இருக்காது. அப்படியும் பட்ஜெட் இடித்தால் வேலையைக் குறைத்து விலையைக் குறையுங்கள்: வெளி இறக்கத்தை 2 அடியிலிருந்து 1 அடியாக்கலாம், கட்டரை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம். பைப் கனத்திலும் ஆங்கர் போல்ட்டிலும் மட்டும் கை வைக்காதீர்கள். அதைத்தான் செய்யச் சொல்கிறார் என்றால் கும்பிட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

“பில் இல்லாம எவ்வளவு?” என்ற கேள்வியும் வரும். 18 சதவீத ஜிஎஸ்டி அவருக்குப் பாரமாகத் தெரிவது நியாயம்தான். ஆனால் தமிழ்நாட்டில் வருட வரவு 20 லட்சம் தாண்டும் ஒப்பந்த வேலைக்காரர் பதிவு செய்தே ஆக வேண்டும். பில் இருந்தால்தான் ஷீட்டில் குறை வந்தால் கம்பெனியிடம் வாரன்டி கேட்க முடியும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

7. துரத்தலுக்கு ஓர் எல்லை

மூன்றாம் நாள் ஒரு போன், பத்தாம் நாள் ஒரு மெசேஜ். அதற்குமேல் கெஞ்சாதீர்கள். யார் மூலம் வந்தார், எந்த ஏரியா, ஏன் கைவிட்டுப் போனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே விசாரிப்பைப் பல கான்ட்ராக்டர்களுக்கு விற்கும் ஆன்லைன் லீட்கள் எத்தனை ஆர்டராயின, பழைய கஸ்டமர் சொல்லி வந்தவை எத்தனை ஆயின என்று ஆறு மாதம் கழித்து எண்ணிப் பாருங்கள். லீடுக்குப் பணம் கட்டுவதைத் தொடரலாமா என்று அந்த நோட்டு சொல்லும்.

செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், அந்த நோட்டில் கைவிட்டுப்போன எல்லோருக்கும் ஒரு மெசேஜ் போடுங்கள்: “மழைக்கு முன்னால ஷெட் செக்கிங், ஸ்க்ரூ வாஷர் மாத்துறது செய்றோம், கட்டணம் இவ்வளவு.” மலிவு ரேட்டுக்கு வேறு இடத்தில் போட்டவர்களில் சிலர் பதில் அனுப்புவார்கள். இந்த முறை அவர்கள் சதுர அடி ரேட் கேட்க மாட்டார்கள். எப்போது வருவீர்கள் என்றுதான் கேட்பார்கள்.