கட்டுரை ஏடு கற்றுத் தந்தவை

“கட்டுரைதானே! ஒரு முன்னுரை, நடுவே நாலு தலைப்பு, கடைசியில் ஒரு முடிவுரை. இதற்கென்று தனி வகுப்பு வேண்டுமா?” பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த நாங்கள் சென்ற சூன் மாதம் இப்படித்தான் பேசிக்கொண்டோம். வெள்ளிக்கிழமைதோறும் கடைசி இரண்டு பாடவேளைகளும் கட்டுரைக்கே என்று தமிழ் சிஸ்டர் அறிவித்தபோது எங்கள் முகங்கள் வாடின. இன்று அந்த ஏட்டின் முதற்பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்த்தால், இரண்டையும் எழுதியவர்கள் நாங்கள்தானா என்று வியப்பாக இருக்கிறது. அவ்வகுப்பில் நாங்கள் கற்றவற்றை, அடுத்த ஆண்டு இவ்வகுப்புக்கு வரும் தங்கையருக்குச் சொல்வதே எங்கள் நோக்கம்.

இரவல் சொற்கள்

முதல் தலைப்பு ‘என் அன்னை’. அடுத்த வாரம் சிஸ்டர் 10 ஏடுகளைக் கையில் எடுத்து, யாருடையது என்று சொல்லாமல் முதல் பத்தியை மட்டும் படித்தார்கள். பத்து அன்னையரும் மெழுகுவர்த்தியாய் உருகினார்கள். பத்து அன்னையரும் அன்பே உருவானவர்கள். முதலில் சிரித்தோம், போகப் போகச் சிரிப்பு அடங்கிவிட்டது.

“இந்தப் பத்து அம்மாக்களும் பள்ளி வாசலில் வந்து நின்றால், யார் உன் அம்மா என்று இந்த ஏட்டை வைத்து நான் சொல்ல முடியுமா?” என்று சிஸ்டர் கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வழிகாட்டி நூலிலிருந்து எடுத்த அச்சொற்களில் பிழை இல்லை. ஆனால் அவை எங்களுடையவை அல்ல.

சிறு எழுத்து, பெரிய பிழை

சொந்தமாக எழுதத் தொடங்கியதும் பிழைகள் படையெடுத்தன. “எங்கள் பல்லியில் ஆயிரம் மாணவியர் படிக்கிறார்கள்” என்று எங்களுள் ஒருத்தி எழுதிவிட்டாள். “அவ்வளவு பெரிய பல்லியா?” என்று ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி வந்தது. அன்றுமுதல் லகர ளகரம் எங்களுக்கு மறக்கவில்லை.

ஒற்றெழுத்தும் அப்படியே. ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி கொடுத்தான். ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் வேல் என்னும் ஆயுதத்தைக் கொடுத்தான். இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’ வெளிப்படையாக வந்தால் அதன்பின் வல்லினம் மிகும் என்ற விதியை ஒன்பதாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்திருந்தோம். ஒரு புள்ளியெழுத்து பொருளையே மாற்றிவிடும் என்பது எழுதும்போதுதான் விளங்கியது.

ஓலைச்சுவடிகளில் எகர, ஒகரங்களின் குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்டும் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. படிப்பவர் இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டியிருந்தது. நெடிலுக்கு வேறு வடிவம் தந்து அக்குழப்பத்தைப் போக்கியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, இங்கே வந்து தமிழ் கற்று, 1732இல் சதுரகராதி செய்தவர் அவர். வேற்றுமொழிக்காரர் ஒரு சுழிக்கு அவ்வளவு அக்கறை காட்டியிருக்க, தாய்மொழிக்காரர்களாகிய நாம் அலட்சியம் செய்யலாமா?

திருத்தி எழுதுதல்

‘மீண்டும் எழுதுக’ என்று ஏட்டில் கண்டால் அதைத் தண்டனை என்றே நினைத்தோம். அந்த எண்ணத்தை மாற்றியவள் ஆன் பிராங்க் என்னும் யூதச் சிறுமி. 1942 சூன் 12ஆம் நாள், 13ஆம் பிறந்த நாள் பரிசாக அவளுக்கு ஒரு நாட்குறிப்பு ஏடு கிடைத்தது. அடுத்த மாதமே நாசிகளுக்கு அஞ்சி அவள் குடும்பம் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒளிந்து வாழ நேர்ந்தது. போர்க்கால நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பாதுகாக்க வேண்டும் என்று 1944 மார்ச்சு மாதம் நெதர்லாந்து அமைச்சர் ஒருவர் லண்டன் வானொலியில் பேசியதை அவள் கேட்டாள். மே மாதத்தில், தான் எழுதியதைத் தனித்தாள்களில் திருத்தி எழுதத் தொடங்கினாள். வேண்டாததை நீக்கினாள், விட்டுப்போனதைச் சேர்த்தாள். அந்நாட்களில்தான் அவளுக்கு 15 வயது நிறைந்தது. எங்கள் வயது! பணி முடியுமுன், ஆகஸ்டு 4ஆம் நாள் அனைவரும் கைதானார்கள். 1945இல் பெர்கன்-பெல்சன் முகாமில் அவள் இறந்தாள். 1947இல் அவள் தந்தை அந்நாட்குறிப்பை நூலாக வெளியிட்டார். யாரும் கட்டளையிடாமல், மறைவிடத்தில் இருந்தபடி அவள் திருத்தி எழுதினாள் என்று அறிந்தபின், மறுபடி எழுத நாங்கள் முணுமுணுத்ததில்லை.

உண்மை எழுதத் துணிவு

எங்கள் தோழி ஒருத்தி, முதல் கட்டுரையில் தன் அம்மா மாலையில் வீணை வாசிப்பார் என்று எழுதியிருந்தாள். உண்மையில் அவள் அம்மா கடற்கரை ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாய் விற்பவர். இதை அவள் இசைவுடனேயே எழுதுகிறோம். சிஸ்டர் அவளைக் கண்டிக்கவில்லை. ‘வீணையில் எத்தனை தந்திகள்?’ என்று மட்டும் ஓரத்தில் எழுதியிருந்தார்கள். அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அதே தலைப்பை அவளாகவே மீண்டும் எழுதினாள். “என் அம்மா 3 மணிக்கு எழுந்து கூடையைக் கழுவுவார்” என்று தொடங்கியது அக்கட்டுரை. வகுப்பில் படிக்குமுன், எழுதப் படிக்கத் தெரியாத தன் அம்மாவுக்கு வீட்டில் படித்துக் காட்டினாளாம். அவர் கேட்டு முடித்து, “மூணு மணி இல்ல புள்ள, ரெண்டு மணிக்கே எந்திரிச்சிருவேன். நீ தூங்கிக்கிட்டு இருப்ப. மாத்தி எழுது” என்றாராம். அவள் மாற்றி எழுதினாள். அக்கட்டுரையை அவள் படித்தபோது வகுப்பே அமைதியாயிருந்தது. மறுநாள் எங்களில் பலர் எங்கள் அம்மாமாரிடம், “நீங்கள் எத்தனை மணிக்கு எழுவீர்கள்?” என்று கேட்டோம். அதுவரை கேட்டதில்லை.

தங்கையருக்குச் சில சொற்கள்

1. கண்ணால் கண்டதை முதலில் எழுதுங்கள். உவமையைப் பிறகு தேடலாம்.
2. தெரியாததைக் கேட்டு எழுதுங்கள்.
3. எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குத் தப்பிய பிழை காதுக்குத் தப்பாது.
4. ஒரு நாள் ஆறவிட்டுத் திருத்துங்கள்.

தேர்வில் கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு, அதுவும் வேண்டியதே. ஆயினும் மதிப்பெண்ணைவிடப் பெரிய ஒன்றைப் பெற்றோம். எங்கள் வீட்டையும் எங்களையும் வெட்கமின்றி, உள்ளது உள்ளபடி பார்க்கக் கற்றோம். ஓரங்களில் சிவப்பு மையால் கேள்வி கேட்டுக்கொண்டேயிருந்த எங்கள் சிஸ்டருக்கு நன்றி. இக்கட்டுரையையும் மூன்று முறை திருத்தியே தந்திருக்கிறோம்.