துபாஷியின் நா

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசவைத் தூதுவர் பெரும்பாலும் பிரெஞ்சு மொழியில் உரையாடினர். ஆர்க்காட்டு நவாபின் அவையிலோ பாரசீகமே அரசமொழி. ஆதலின் கடல் கடந்து வந்த வணிகருக்குத் துபாஷி, அதாவது இருமொழியாளர், இன்றியமையாதவரானார்.

எர்ணாவூருக்குத் தெற்கே பெரம்பூரில் 1709இல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை அத்தகையவர்; புதுச்சேரி ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக விளங்கியவர். விருந்தினரை எதிர்கொண்டழைத்தவர் யாவர், முழங்கிய பீரங்கிகள் எத்தனை, அளித்த பரிசுகள் யாவை என்பவற்றையெல்லாம் தம் தமிழ் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இவற்றை வீண் ஆடம்பரம் என எண்ணற்க. வேட்டு ஒன்று குறையினும் அவமதிப்பெனக் கொண்ட காலம் அது.

ஆயினும், தலைவன் வாக்குத் தவறியபின் துபாஷியின் இன்சொல் என் செய்யும்? சென்னையைக் கைப்பற்றினால் நவாபுக்கே அளிப்பதாகச் சொன்ன டூப்ளே, கைப்பற்றியபின் அளித்திலர். 1746இல் அடையாற்றங்கரையில் போர் மூண்டது.