ஏழு மணிக்கே சொருகாதே, தம்பி!

மின்சாரக் கார் வாங்கப் போகிறாய் என்று தெரிந்ததுமே உன்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள், இல்லையா? "எல்லாரும் இப்படி மாறிவிட்டால் சிங்கப்பூர் மின்சாரம் தாங்குமா?" நியாயமான கேள்விதான். வா, சேர்ந்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இங்கே ஏறக்குறைய 650,000 கார்கள் ஓடுகின்றன. ஒரு கார் ஆண்டுக்குச் சுமார் 17,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால், நாளைக்கு 46 கிலோமீட்டர். மின்சாரக் காருக்கு அதற்கு எட்டு யூனிட் போதும். ஒரு நான்கறை வீவக வீடு நாளுக்குச் செலவழிப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் அது. எல்லாக் கார்களையும் சேர்த்தாலும், நாடு ஆண்டுக்குப் பயன்படுத்தும் சுமார் 55 பில்லியன் யூனிட்டில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குக்குள் அடங்கிவிடும். மின் நிலையங்கள் இதைச் சமாளிக்கும்.

ஆனால் அதே 650,000 பேரும் வேலை முடிந்து வந்து, இரவு ஏழு மணிக்கு 7.4 கிலோவாட் சார்ஜரில் ஒன்றாகச் சொருகினால்? கிட்டத்தட்ட 4,800 மெகாவாட் ஒரே நேரத்தில் வேண்டும். நாட்டின் உச்சத் தேவையே 8,000 மெகாவாட் அளவில்தான் இருக்கிறது. எவ்வளவு இழுக்கிறோம் என்பதைவிட எப்போது இழுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நாடு முழுக்கப் பார்த்தால் உச்சம் அலுவலக ஏர்கான்கள் ஓடும் பிற்பகலில் வருகிறது. நம் புளோக்குக்கோ சாயங்காலம்தான் நெருக்கடி. சமையல், வாட்டர் ஹீட்டர், துணி துவைக்கும் இயந்திரம், படுக்கையறை ஏர்கான் எல்லாம் அப்போதுதான் ஓடும். நள்ளிரவுக்குப் பிறகு படிப்படியாகக் குறைந்து, விடியலுக்கு முன் மின்கம்பிகள் ஓய்வாக இருக்கும். உன் கார் சாப்பிட வேண்டிய நேரம் அதுதான். காரின் திரையில் சார்ஜ் தொடங்கும் நேரத்தை 12 மணிக்குப் பிறகு என்று வைத்துவிடலாம். பொதுச் சார்ஜர் என்றால் முதலில் செயலியில் இரவு நேரக் கட்டணம் குறைவா, சார்ஜ் ஆகாமல் சும்மா நின்றால் தனிக் கட்டணம் உண்டா என்று பார்த்துக்கொள்.

தினமும் சொருகவே வேண்டாம். 60 யூனிட் பேட்டரியை 20 விழுக்காட்டிலிருந்து 80 வரை ஏற்ற 36 யூனிட் போதும், 7.4 கிலோவாட்டில் ஐந்து மணி நேரம். அது உனக்கு நாலு நாளைக்கு வரும். சில வகை பேட்டரிகளை அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்வார்கள், கையேட்டைப் படி.

வேகச் சார்ஜரில் ஆசை வைக்காதே. 100 கிலோவாட் சார்ஜர் ஒன்று, மெதுவான சார்ஜர் பதின்மூன்றுக்குச் சமமாக இழுக்கும். பொங்கோல் ஒயாசிஸ் டெரசஸில் இருப்பது போன்ற வேக மையங்கள் டாக்சி ஓட்டுநருக்கும், தேக்காவுக்குக் காய்கறி கொண்டுவரும் வேன்காரருக்கும் வேண்டும். அவர்களுக்கு நின்றால் வருமானம் போச்சு. இரவெல்லாம் கார் நிற்கும் நமக்கு எதற்கு அவசரம்? தீபாவளி நெருங்கும் வாரயிறுதியில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் போய்ச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பாதே. அங்கே கார் நிறுத்த இடம் கிடைத்தாலே பெரிது. புளோக்கிலேயே ஏற்றிக்கொண்டு போ.

பக்கத்தில் நாலு கார் சொருகியதும் உன் கார் மெதுவாக ஏறினால் சார்ஜர் கெட்டுவிட்டது என்று கோபப்படாதே. இருக்கிற மின்சாரத்தைப் பங்குபோட்டுக் கொடுக்கும் ஏற்பாடு அது. இதனால்தான் பழைய கார் நிறுத்துமிடங்களிலும் கூடுதல் சார்ஜர்கள் வைக்க முடிகிறது. 2030க்குள் 60,000 சார்ஜர்கள் என்பது அரசின் இலக்கு; 2040க்குள் எல்லா வாகனங்களும் தூய்மையான எரிசக்தியில் ஓட வேண்டும். எந்த வட்டாரத்தில் சுமை கூடும் என்று முன்கூட்டியே பார்க்க, மின்கட்டமைப்பின் கணினி நகலை உருவாக்கும் வேலையை எரிசக்திச் சந்தை ஆணையமும் எஸ்பி குழுமமும் 2021லேயே அறிவித்தன. எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது.

பெரியப்பாவின் தரைவீட்டில் சமையலறையிலிருந்து ஒயர் இழுத்துச் சார்ஜ் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதிலேயே வாங்காதே. மணிக்கணக்கில் அவ்வளவு மின்சாரம் ஓடினால் சாதாரண பிளக் சூடேறித் தீப்பிடிக்கலாம். 2023 டிசம்பர் 8 முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி, நிலப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த சார்ஜராகவும் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். நீ கொண்டோவுக்கு மாறுவதாக இருந்தால் நிர்வாகக் குழுவிடம் கேள்: பிரதான மின்பலகையில் எவ்வளவு இடம் மிச்சம், பங்கிடும் ஏற்பாடு உண்டா? உரிமம் பெற்ற மின்பணியாளர் பார்த்துச் சொல்லும்வரை காருக்கு முன்பணம் கட்டாதே.