வெளுத்துப்போன ஃபெர்ரி

அன்புள்ள தம்பிக்கு,

பட்டர்வொர்த்திலிருந்து நீங்கள் அனுப்பிய கடிதமும் நான்கு படங்களும் கிடைத்தன. கடைசி வரியைப் படித்ததும் கையிலிருந்த வேலையை ஒதுக்கிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். "ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பெயிண்டையும் கழுவி எடுத்துவிடப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். கழுவாதீர்கள். உங்கள் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பதினொரு மாதம் பிளாஸ்டிக் அட்டையை வெட்டி ஒட்டி, தாத்தா வேலை பார்த்த ஃபெர்ரியை நூற்றில் ஒரு பங்கு அளவில் கட்டியிருக்கிறீர்கள். காரையும் மனிதரையும் ஒன்றாகச் சுமந்த அந்தப் பழைய ஃபெர்ரிகள், 1985-இல் பினாங்குப் பாலம் திறந்த பிறகும் ஓடி, 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நின்றன. இப்போதுள்ள படகுகளில் கார் ஏறாது. கார் நிற்கும் தட்டையும் கம்பித் தடுப்பையும் நீங்கள் செய்திருக்கும் நேர்த்தியைப் படத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். வார்னிஷ் அடித்த பிறகு அதன்மேல் சாம்பல் பூத்தாற்போல அந்த வெள்ளை. உங்கள் வருத்தம் புரிகிறது.

கழுவ வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1925 முதல் 1961 வரை ஜார்ஜ் டவுனில் ஓடிய டிராலி பஸ்ஸின் மாடல் ஒன்றைப் பல ஆண்டுகளுக்கு முன் செய்தேன். பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்த மறுநாள் இதேபோல் வெளுத்துக் கிடந்தது. பதற்றத்தில் ஆல்கஹால் ஊற்றித் தேய்த்தேன். வார்னிஷோடு பெயிண்டும், கையால் எழுதிய ஊர்ப்பெயரும் போயின. அதைத் திரும்ப எழுத எனக்கு மனம் வரவில்லை.

அந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது? டின்னிலிருந்து பீய்ச்சிய வார்னிஷில் இருக்கும் தின்னர் சட்டென்று ஆவியாகும்போது, தான் இருந்த இடத்தின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஊசி போடுமுன் நர்ஸ் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதே, அதுதான். பினாங்கில் 30 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், காற்றிலுள்ள நீர் பனியாகப் படியத் தொடங்கும் பனிநிலை ஏறக்குறைய 26 டிகிரி. வார்னிஷ் பட்ட இடம் நான்கே டிகிரி குளிர்ந்தால் போதும், ஈரம் வந்து உட்கார்ந்துவிடும். அதே 30 டிகிரியில் ஈரப்பதம் 50 விழுக்காடு மட்டுமே உள்ள ஊரில் ஏறக்குறைய பன்னிரண்டு டிகிரி குளிர வேண்டும். காயும் படலத்துக்குள் சிக்கிய நுண்துளிகள் பிறகு வெளியேறினாலும், அவை இருந்த இடம் துளைதுளையாக நிற்கும். ஒளி அதில் பட்டுச் சிதறுகிறது. கண்ணாடியை நொறுக்கினால் தூள் வெள்ளையாகத் தெரிவது இதனால்தான். நிறம் எங்கும் போய்விடவில்லை.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு செய்தி சொல்லியிருக்கிறீர்கள். ஏர்கோன் அறையில் வைத்திருந்த கப்பலை, நாற்றத்துக்குப் பயந்து, அக்டோபர் மழை விட்ட ஒரு மாலையில் வெளியே அஞ்சடி நடைபாதைக்கு எடுத்துப் போய் வார்னிஷ் அடித்தீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. 24 டிகிரியில் குளிர்ந்த பிளாஸ்டிக்கை 26 டிகிரி பனிநிலைக் காற்றுக்குள் கொண்டுவந்தால், வார்னிஷ் அடிக்கும் முன்பே அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். குளிர்ந்த கடையை விட்டு வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

இதே ஈரக்காற்றை வரமாகக் கேட்கும் பூச்சும் உண்டு என்பது எனக்கு எப்போதும் வியப்பு. ஜப்பானியரும் சீனரும் ஒருவகை மரத்தின் பாலை எடுத்து அரக்குப் பூச்சாகப் பூசுகிறார்கள். அது உலர்ந்த காற்றில் ஒழுங்காக இறுகாது; 70, 80 விழுக்காடு ஈரம் உள்ள பெட்டிக்குள் வைத்துத்தான் இறுகவிடுவார்கள். நம் ஊர்க் காற்று அந்தக் கைவினைஞருக்கு உதவும். நமக்கு உதவாது.

சரிசெய்யும் வழிக்கு வருகிறேன். முதலில், கப்பலின் அடிப்பாகத்தில் வெளுத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். ஈரம் இருக்கும்வரை நீங்கள் பூசிய மஞ்சள் பளிச்சென்று திரும்பினால், கெட்டது மேல் படலம் மட்டும். பிறகு நன்றாக உலரவிட்டு, அதே வகையில் பளபளப்பான கிளாஸ் வார்னிஷை மிக மெல்லிதாக அடியுங்கள். அது துளைகளை நிரப்பும். பெரும்பாலும் வெள்ளை கண்முன்னே மறையும். கம்ப்ரசரும் ஏர்பிரஷ்ஷும் இருந்தால், லாக்கர் வார்னிஷுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் போன்ற மெதுவாக ஆவியாகும் தின்னரைப் புகைபோலத் தூவினால், மேல் படலம் இளகி மறுபடி சமமாக உட்காரும். ஆனால் நீங்கள் அடியில் பூசியிருப்பது அக்ரிலிக். நனையும் அளவுக்கு அடித்தால் அதுவும் கரைந்துவிடும். அட்டைத் துண்டில் அதே பெயிண்டைப் பூசி ஒத்திகை பார்த்த பிறகே கப்பலைத் தொடுங்கள். மேட் பூச்சு கடைசியில்தான். டின்னை இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள். பளபளப்பைக் கொல்லும் சிலிக்காத் தூள் அடியில் தங்கினால் அதுவே வேறொரு வெள்ளையாகத் திட்டுத்திட்டாய்ப் படியும்.

எண்ணெய் தடவினால் வெள்ளை போய்விடும் என்று நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். போகும். ஆனால் எண்ணெய் அங்கேயே தங்கித் தூசியைப் பிடிக்கும், அடுத்த பூச்சை ஒட்டவிடாது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

எங்கே, எப்போது அடிப்பது என்பதுதான் உண்மையில் பாதி வேலை. தைப்பூசம் முடிந்த இந்த வாரங்கள் நமக்குக் கிடைக்கும் வறண்ட காலம். மதியம் ஒரு மணிக்கு மேல் ஈரப்பதம் நன்றாக இறங்கும். ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி மேசையில் வையுங்கள். அது 65-க்கு மேல் காட்டினால் நான் டின்னைத் தொடுவதே இல்லை. அடிக்கும் இடத்திலேயே கப்பலை ஒரு மணி நேரம் வைத்து, அந்தச் சூட்டுக்கு வரவிடுங்கள். நேர் வெயில் வேண்டாம், மெல்லிய கம்பிகள் வளையும். ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி அணியுங்கள். துணி முகமூடி தின்னர் ஆவியைத் தடுக்காது. பக்கத்தில் சாமி விளக்கோ ஊதுபத்தியோ எரியக் கூடாது.

கப்பலின் பெயர் எழுதிய டீக்கலுக்கு அடியில் வெள்ளியாய் மினுங்குவது வேறு கோளாறு. மேட் பரப்பில் ஒட்டியதால் அடியில் காற்று சிக்கியிருக்கிறது. புதிதாகக் கிளாஸ் அடிக்கும் முன் மெல்லிய ஊசியால் குத்தி, டீக்கலை இளக்கும் திரவத்தை ஒரு துளி விட்டு அழுத்துங்கள். மேலே வார்னிஷ் ஏறிவிட்டதால் முழுதாகப் போகாமல் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு சொட்டுத் தண்ணீரை மட்டும் வைத்துப் பாருங்கள். மஞ்சள் திரும்பியதா என்று உடனே எழுதுங்கள், காத்திருக்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க அவசரப்பட வேண்டாம். எல்லாப் பூச்சும் முடிந்து இரண்டு வாரமாவது திறந்த காற்றில் இருக்கட்டும்.

அன்புடன்,
ஜார்ஜ் டவுனிலிருந்து உங்கள் அண்ணன்